வராமல் போன கேள்வி

சட்டையில் சிந்திய ரசம் துவைத்த பிறகும் ஒரு வட்டமாக மிச்சமிருக்குமே, அதுபோல ஒன்று திரையில் இருந்தது. வெளிர் மஞ்சள். நடுவில் கொஞ்சம் அடர்த்தி. ஓரம் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. பக்கத்தில் ஒரு கேள்வி: இந்தக் கேலக்ஸி வழவழப்பாக உருண்டு இருக்கிறதா, இல்லை தட்டு, அமைப்பு என்று ஏதாவது தெரிகிறதா? இது கேலக்ஸியே இல்லை, ஏதோ நட்சத்திரம் அல்லது படத்தில் விழுந்த கோளாறு என்றும் சொல்லலாம். மணி இரவு ஒன்றரை. குருபோங் தொழிற்பேட்டை விளக்குகளின் வெளிச்சம் சன்னல் திரையைத் தாண்டி அறைக்குள் வந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் எங்கள் தாமானிலிருந்து இருபது நட்சத்திரம் தெரிந்தாலே அதிசயம். அதனால்தான் வானத்தைத் திரையில் பார்க்கிறேன்.

கை 'வழவழப்பு' மேல் போய்விட்டது. அன்றைக்கு அதற்குமுன் வந்த முப்பது படங்களில் பெரும்பாலானவற்றுக்கு அதைத்தான் அழுத்தியிருந்தேன். இதற்கும் அழுத்தியிருப்பேன். நிறுத்தியதற்கு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை, கண்ணில் ஏதோ உறுத்தியது. கசக்கிவிட்டு மறுபடி பார்த்தபோது நடுவில் ஒரு கோடு இருப்பதுபோலத் தோன்றியது. கோடு என்றுகூடச் சொல்ல முடியாது. உள்ளே இருந்த அடர்த்தி ஒரு பக்கமாக நீண்டிருந்தது. வெளி ஓரம் வேறு பக்கம் சாய்ந்திருந்தது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. அவ்வளவுதான்.

இந்தத் திட்டத்தின் பெயர் கேலக்ஸி ஸூ. 2007இல் தொடங்கியது. நியூ மெக்சிகோவில் இருக்கும் ஸ்லோன் தொலைநோக்கி ஏறக்குறைய பத்து லட்சம் கேலக்ஸிகளைப் படமெடுத்துக் குவித்துவிட்டது. அவற்றை உட்கார்ந்து வகைப்பிரிக்க வானியலாளர்களிடம் ஆள் இல்லை. பொதுமக்களிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று படங்களை இணையத்தில் போட்டார்கள். முதல் ஆண்டிலேயே ஒன்றரை லட்சம் பேர் வந்து ஐந்து கோடிக்கும் அதிகமான பதில்களைப் போட்டுவிட்டுப் போனார்கள். ஆசிரியர்கள், லாரி ஓட்டுநர்கள், தூக்கம் வராதவர்கள். நான் கடைசி வகை. ஷிப்டு வேலை செய்பவனுக்கு விடுமுறை இரவிலும் உடம்பு விழித்தே கிடக்கும்.

கேள்விகள் மரக்கிளைபோலப் பிரியும். முதல் கேள்விக்கு 'வழவழப்பு' என்றால் அடுத்து எவ்வளவு உருண்டை என்று கேட்கும். 'அமைப்பு தெரிகிறது' என்றால் வேறு கிளை. பக்கவாட்டில் தெரிகிறதா, நடுவில் பட்டை உண்டா, சுருள் கைகள் உண்டா என்று இறங்கிக்கொண்டே போகும். அதாவது பட்டை உண்டா என்ற கேள்வி எல்லாக் கேலக்ஸிக்கும் கேட்கப்படுவதில்லை. முதல் கேள்வியில் 'வழவழப்பு' என்று போனவற்றுக்கு அது வராது. இது எனக்கு மாதக்கணக்கில் உறைக்கவே இல்லை. அன்றைக்குத்தான் உறைத்தது.

நான் பார்த்துக்கொண்டிருந்தது, சரியாகப் பார்த்திருந்தால், பட்டையுள்ள வில்லை வடிவக் கேலக்ஸி. லென்ஸ் என்ற சொல் லத்தீனில் பருப்பின் பெயர். ஒரு முழு மைசூர் பருப்பை விரலில் எடுத்துப் பாருங்கள்: நடுவில் பருத்து ஓரம் மெலிந்திருக்கும். பருப்பின் பெயர் கண்ணாடி வில்லைக்குப் போனது, வில்லையின் பெயர் கேலக்ஸிக்குப் போனது. எனக்குப் பருப்பே போதுமாக இருக்கிறது.

எட்வின் ஹப்பிள் 1936இல் கேலக்ஸிகளை ஒரு கவைபோல வரைந்து காட்டினார். கைப்பிடியில் நீள்வட்ட உருண்டைகள். அங்கிருந்து இரண்டு கிளை: ஒன்றில் சாதாரணச் சுருள்கள், மற்றதில் நடுவில் பட்டை வைத்த சுருள்கள். கிளை பிரியும் இடத்தில் 'எஸ் சைபர்' என்று ஒரு வகையைப் போட்டார். உருண்டைக்கும் சுருளுக்கும் நடுவில் இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்பது அப்போது ஏறக்குறைய ஊகம்தான். பிற்பாடு அந்த இடத்துக்குரியவை ஏராளமாகக் கிடைத்தன. இல்லாத ஒருவருக்காகப் பந்தியில் ஓர் இலை போட்டு வைப்பதுபோல அவர் செய்தது எனக்கு மிகவும் பிடிக்கும்.

வில்லைக் கேலக்ஸிக்குச் சுருள் மாதிரித் தட்டு உண்டு, ஆனால் சுருள் கைகள் இல்லை. புது நட்சத்திரம் பிறக்கத் தேவையான வாயு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. எங்கே போனது என்பதற்குப் பல விளக்கங்கள். ஆயிரம் கேலக்ஸிகள் நெருக்கமாக வாழும் கொத்துகளில், இடைவெளியில் இருக்கும் சூடான வாயு எதிர்க்காற்றுபோல அடித்து உள்வாயுவைத் துடைத்துவிடும் என்று கன்னும் காட்டும் 1972இல் எழுதினார்கள். வேறு சிலவற்றில் உள்ளேயே செலவாகியிருக்கலாம். எப்படியானாலும் மிஞ்சுவது பழைய நட்சத்திரங்கள். அதனால்தான் அந்த மஞ்சள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல ஒரே வரி போதும்: பால் நின்னுபோன மரம். மரம் நிற்கும், இலை இருக்கும், பால் மட்டும் வராது. ஆனால் பட்டையில் பழைய வெட்டுக்கோடு அப்படியே இருக்கும்.

கேலக்ஸியின் பட்டையும் அப்படியொரு தடயம். தட்டில் சுற்றும் நட்சத்திரங்களின் பாதைகள் ஒன்றையொன்று இழுத்து, ஒரே திசையில் நீண்டு வரிசையாகும்போது பட்டை உருவாகிறது. அதற்குத் தட்டு வேண்டும், வெறும் உருண்டையில் அது வராது. (நம் பால்வீதிக்கும் பட்டை இருக்கிறது. வீட்டுக்குள் இருந்துகொண்டு வீட்டின் கூரையைப் பார்க்கும் கதையாக, 1990களில்தான் அதற்கு வலுவான ஆதாரம் சேர்ந்தது.) ஆக, மங்கலான ஒன்றில் பட்டை தெரிந்தால் 'இது பிறவி உருண்டை இல்லை, இதற்கு வேறு ஒரு வாழ்க்கை இருந்தது' என்று சொல்ல ஒரு பிடி கிடைக்கிறது. சுதான்ஷு பார்வே, யோகேஷ் வாடடேகர், அஜித் கெம்பாவி என்ற மூன்று இந்திய வானியலாளர்கள் 371 வில்லைக் கேலக்ஸிகளை எடுத்து ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒளி மிகுந்தவற்றைவிட ஒளி குறைந்தவற்றில்தான் பட்டை அதிகம் என்று அதில் சொல்கிறார்கள். இரண்டு கூட்டமும் ஒரே வழியில் உருவானவை அல்ல என்று சந்தேகப்பட இது ஒரு காரணம். எனக்கு இதில் ஒரு வேடிக்கை தெரிந்தது. எவற்றில் பார்ப்பது கடினமோ அவற்றில்தான் பார்க்க அதிகம் இருக்கிறது.

மறுநாள் வேலை முடிந்து பத்து பெரண்டாம் பக்கம் ஒட்டுக்கடையில் உட்கார்ந்திருந்தபோது நண்பனிடம் இதைச் சொன்னேன். அவனும் என் லைனில்தான் வேலை செய்கிறான்.

"ஒரு படத்த எத்தன பேர் பாப்பான்?"

"சுமாரா நாப்பது பேர்."

"அப்ப நீ தப்பாப் போட்டா மத்த முப்பத்தொம்பது பேரு சரி பண்ணிருவான். ஒனக்கென்னடா? அதுக்கு வலிக்கவா போவுது?"

தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே அவன் சொன்ன இன்னொன்றுதான் தைத்தது. "இந்த ஊர்ல ஐசி இல்லாம எத்தன பேர் இருக்காங்க தெரியுமா? அவங்கள யாரும் திரும்பிப் பாக்கல. நீ நூறு கோடி ஒளியாண்டு தூரத்துல இருக்கறதுக்குக் கவலப்படுற."

நூறு கோடி என்பதை நான்தான் சொல்லியிருந்தேன். அந்தக் கேலக்ஸியின் சிவப்புப் பெயர்ச்சி 0.08 அளவு. அந்த ஒளி புறப்பட்டபோது பூமியில் மிருகம் என்று ஒன்றும் இல்லை. பாசியும் நுண்ணுயிரும்தான்.

அவன் கேள்வியை நான் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. தன்னைப் பார்ப்பது தெரியாத, பார்ப்பதால் நன்மையோ கெடுதலோ அடைய முடியாத ஒன்றைக் கவனமாகப் பார்க்கும் கடமை யாருக்காவது இருக்க முடியுமா? கடமை என்ற சொல்லே அங்கே பொருந்துமா?

தத்துவம் படித்தவர்களிடம் இதற்கு ஒரு தயார்ப் பதில் இருக்கிறது. இம்மானுவேல் கான்ட் 1797இல் வெளியான அறவியல் நூலில், உயிரற்ற அழகான பொருள்களைக் காரணமில்லாமல் அழிப்பதைப் பற்றிப் பேசுகிறார். ஒரு படிகத்துக்கு நாம் எதுவும் கடன்பட்டிருக்கவில்லை. ஆனால் அதை அழிக்கும் மனம் நம்முள் இருக்கும் நல்ல ஒன்றைத் தேய்த்துவிடும், ஆகவே அது நமக்கு நாமே செய்யும் தவறு என்பது அவர் வாதம். கேலக்ஸிக்கு இதை நீட்டலாம். மங்கலான கேலக்ஸியைக் கவனமாகப் பார்ப்பவன் மனிதர்களையும் கவனமாகப் பார்ப்பான், கவனம் ஒரு பழக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பள்ளிக்கூட மேடையில் சொன்னால் கைதட்டுவார்கள்.

இது பொய் என்பதற்கு நானே சாட்சி.

என் வேலையே படங்களை வகைப்பிரிப்பதுதான். சிப்பிலிருந்து அதன் கால்களுக்குப் போகும் முடியிழைக் கம்பிகளைக் கேமரா படமெடுக்கும். இயந்திரத்துக்குச் சந்தேகம் வந்த படங்களை ஆள் பார்த்து நல்லது, கெட்டது என்று சொல்ல வேண்டும். தப்பாக விட்டால் எங்கோ ஒரு காரில் காற்றுப்பை திறக்காமல் போகலாம் என்று பயிற்சியின் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். நான் அதில் கெட்டிக்காரன். கம்பியின் கழுத்தில் இருக்கும் முடிபோன்ற விரிசலைப் பிடித்திருக்கிறேன். ஆனால் படிக்கிற காலத்திலேயே கவனம், நுணுக்கம், பொறுமை என்று பெயர் வாங்கிய இதே நான் என் பாட்டிக்குச் செய்ததைச் சொல்கிறேன்.

அப்பாவைப் பெற்ற பாட்டி. எங்கள் பகுதியில் இப்போது வீடமைப்புத் திட்டமாகிவிட்ட ஒரு தோட்டத்தில் பிறந்து, பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டி, அங்கேயே கல்யாணம் பண்ணி, அப்பாவையும் நான்கு பேரையும் பெற்றவர். அவரிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரவாசி, குடிமகள் இல்லை. பிறப்புப் பத்திரம் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு குடியுரிமைக்கு மனுப்போட வாய்ப்பு இருந்த காலத்தில் அதெல்லாம் எதற்கு என்று தோட்டத்தில் பலர் போடவே இல்லை. 1969க்குப் பிறகு சிவப்பு அட்டைக்காரர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோதுதான் அட்டையின் நிறம் என்றால் என்னவென்று பலருக்குப் புரிந்தது. ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். பாட்டி போகவில்லை. இந்தியாவில் அவருக்குத் தெரிந்த ஊர் ஒன்றுகூடக் கிடையாது.

2013இல் எனக்குப் பதினாறு வயது. பாட்டிக்கு நீல அட்டைக்கு முயன்று பார்க்கலாம் என்று அப்பா முடிவு செய்தார். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்கு மலாய் நன்றாக வரும், நான் கூடப் போனேன். காத்திருந்து காத்திருந்து எண் வந்தது. கவுண்டரில் இருந்தவர் கோபக்காரர் இல்லை. சிரித்துத்தான் பேசினார். முதலில் கேட்டது: "சூராட் பெரானாக் அடா?" பிறப்புப் பத்திரம் இருக்கிறதா?

பாட்டியிடம் திரும்பிக் கேட்டேன். பாட்டி பேச ஆரம்பித்தார்.

"எங்காத்தா பிரட்டுக்குப் போவையிலயே வலி எடுத்துருச்சாம். சப்பான்காரன் சைக்கிள்ல வந்தான் பாரு, அந்த மாசம். தொர ஓடிட்டான், கிராணியும் ஓடிட்டான், ஆபீஸ்ல யாரு இருக்கா எழுதறதுக்கு? மருத்துவச்சிதான் லயத்துலயே பாத்துச்சு. அது மவ இன்னும் பாயா ரும்புட்ல இருக்கா, எங்கூடவே வளந்தவ, அவளக் கேட்டா சொல்லுவா. பொறவு சப்பான் போயி வெள்ளக்காரன் வந்தப்புறம் புதுக் கிராணி வந்து எம் மூஞ்சியப் பாத்துட்டு நாப்பத்தஞ்சுன்னு போட்டுட்டான்…"

இன்னும் சொன்னார். பின்னால் வரிசை. ஒரு அக்கா குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டே எங்களைப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. பாட்டியின் குரல் சத்தமான குரல். தோட்டத்தில் மரத்துக்கு மரம் கூப்பிட்டுப் பழகிய குரல்.

நான் கவுண்டர் பக்கம் திரும்பி, "தக் அடா" என்றேன். இல்லை.

அவர் தலையசைத்தார். ஒரு தாளைக் கொடுத்து, பத்திரம் கிடைத்தால் கொண்டுவரச் சொன்னார். நாங்கள் வெளியே வந்து பசியாறினோம். பாட்டி தோசை கேட்டார். "என்னா சொன்னாரு?" என்றார். "பாக்கறேன்னாரு" என்றேன்.

நான் சொன்னதில் பொய் இல்லை. பத்திரம் இல்லை என்பது உண்மை. ஆனால் பாட்டி சொன்னதில் என்னென்ன இருந்தது என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் எண்ணிப் பார்த்தேன். சப்பானியப் படை சைக்கிளில் மலாக்காவைக் கடந்தது 1942 சனவரியில். அது பிறந்த மாதம். பிறந்த இடம் இருந்தது. பத்திரம் ஏன் இல்லை என்ற காரணம் இருந்தது. அட்டையில் இருக்கும் ஆண்டு ஏன் தவறு என்பது இருந்தது. சத்தியப் பிரமாணம் கொடுக்கக்கூடிய ஓர் ஆள், பத்து நிமிட மோட்டார் தூரத்தில், உயிரோடு இருந்தார். இப்படிப்பட்ட மனுக்களுக்குச் சாட்சியின் பிரமாணத்தை இணைக்கலாம் என்று பிறகு ஒரு பொதுச்சேவையாளர் சொன்னபோது பாயா ரும்புட் பாட்டி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் பாட்டி 2018இல் சிவப்பு அட்டையோடு போனார்.

எல்லாவற்றையும் மொழிபெயர்த்திருந்தால் நீல அட்டை கிடைத்திருக்குமா? அநேகமாகக் கிடைத்திருக்காது. அப்பாவும் அதைத்தான் சொல்கிறார். கிடைத்திருக்காது என்பதை வைத்து நான் என்னை மன்னித்துக்கொள்ள முடியுமா என்பதுதான் எனக்குப் பிரச்சினை. அந்தக் கவுண்டர்காரருக்கு அடுத்து கேட்க ஒரு கேள்வி இருந்திருக்கலாம். யார் பார்த்தது, எப்போது, சாட்சி உண்டா? 'தக் அடா' என்ற பதிலுக்கு அடுத்து அந்தக் கேள்விகள் வராது. நான் வழவழப்பு என்று அழுத்திவிட்டேன்.

இரண்டையும் ஒன்றாக வைப்பது அநாகரிகம் என்று தெரியும். கேலக்ஸிக்கு வலிக்காது. பாட்டிக்கு வலித்தது, ஆஸ்பத்திரியில் வெளிநாட்டவர் கட்டணம் கேட்டபோதும், ஓட்டுப்போடும் நாளில் எல்லாரும் கிளம்பிப் போன வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தபோதும். ஒரே எடை கிடையாது. ஆனாலும் தவறின் வடிவம் ஒன்றாக இருக்கிறது. அந்த வடிவத்தை ஒரு கேலக்ஸியிடம் கண்டுகொண்ட பிறகுதான் பாட்டியிடம் கண்டுகொண்டேன் என்பது எனக்குப் பெருமையான விஷயம் இல்லை. மனிதர்களிடமிருந்து கேலக்ஸிக்குப் போயிருக்க வேண்டும். தலைகீழாக வந்திருக்கிறேன்.

தவறான பதில் ஒரு மாதிரித் தீங்கு. அதைத் திருத்தலாம். பட்டை இல்லாததற்குப் 'பட்டை உண்டு' என்று நான் போட்டால் மற்றவர்கள் 'இல்லை' என்று போடுவார்கள், கணக்கு சரியாகிவிடும். நண்பன் சொன்னது அங்கே சரி. ஆனால் மேலோட்டமான முதல் பதில் இன்னொரு விதமான தீங்கைச் செய்கிறது. அடுத்த கேள்வி பிறக்காமல் செய்துவிடுகிறது. பிறக்காத கேள்விக்குத் தவறான பதிலும் கிடையாது, ஆகவே திருத்துவதற்கும் எதுவும் இல்லை.

நாற்பது பேர் பார்ப்பதால் தப்பித்துக்கொள்ளலாம் என்பதும் மங்கலானவற்றில் செல்லுபடியாகாது. நாற்பது பேரும் ஒரே பக்கம் சாய்வார்கள். கேலக்ஸி தூரம் போகப் போக நுணுக்கம் மறையும், எல்லாமே வழவழப்பாகத் தெரியும், எல்லாரும் வழவழப்பு என்றே போடுவார்கள். திட்டத்தை நடத்துபவர்களுக்கு இது ஆரம்பத்திலிருந்தே தெரியும். பக்கத்திலிருக்கும் கேலக்ஸிகளின் விகிதத்தை வைத்துத் தூரத்துக் கூட்டத்தின் விகிதத்தைக் கணக்கில் சரிசெய்கிறார்கள். 2013இல் வெளியான இரண்டாவது பட்டியலில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகளுக்கு இப்படிச் செய்தார்கள். பொறியாளனாக எனக்கு அந்த வேலையின்மேல் மரியாதை உண்டு. ஆனால் சரியாவது கூட்டம்தான். 'இவ்வளவு தூரத்தில் இத்தனை விழுக்காடு தட்டுகள் தவறிப்போயிருக்கும்' என்று சொல்லலாம். 'இதோ, இது தவறிப்போன ஒன்று' என்று விரல் நீட்ட அந்தக் கணக்கு உதவாது. அதற்கு யாராவது அந்த ஒன்றைப் பார்த்தாக வேண்டும். ஐசி இல்லாதவர்கள் பற்றிய கூட்டங்களில் ஆளாளுக்கு ஓர் எண்ணிக்கை சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

இப்போது இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. சிலியில் இருக்கும் நான்கு மீட்டர் தொலைநோக்கி எடுத்த ஆழமான படங்களை வைத்து இந்தத் திட்டம் 2022இல் ஒரு பட்டியல் வெளியிட்டது: 3,14,000 கேலக்ஸிகள். அவ்வளவையும் மனிதர்கள் பார்க்கவில்லை. தன்னார்வலர்களின் பதில்களைப் படித்துக் கற்றுக்கொண்ட கணினி நிரல், ஒவ்வொன்றுக்கும் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று கணித்துக் கொடுத்தது. ஆக, நான் அரைத்தூக்கத்தில் அழுத்தும் பதில் அந்த ஒரு படத்தோடு நிற்பதில்லை. நான் பார்க்கவே போகாத படங்களுக்கும் என் சோம்பேறித்தனம் துளித்துளியாகப் போய்ச் சேர்கிறது. ஒரு நல்லது, அந்தப் புதுச் சுற்றில் பட்டைக் கேள்வியை மாற்றிவிட்டார்கள். உண்டு, இல்லை என்பதற்குப் பதிலாக, வலுவான பட்டை, வலுவற்ற பட்டை, பட்டையில்லை என்று மூன்று. நடுவில் ஓர் இடம் போட்டார்கள். ஆனால் 'தெரியவில்லை' என்ற பொத்தான் கிடையாது. எனக்குத் தெரியாதது நாற்பது பேரின் கருத்து வேறுபாடாக உருமாறி விகிதமாகப் பதிவாகிறது. புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். இருந்தாலும் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவனுக்கு, தெரியவில்லை என்று சொல்ல முடியாமல் இருப்பது உறுத்தும்.

தஞ்சோங் பிடாராவில் கடலைப் பார்த்தபடி அல்-குவாரிஸ்மி வானியல் வளாகம் இருக்கிறது. நோன்பு தொடங்கும் முன் பிறை பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று. மேகம் மூடியிருந்தால் தெரியவில்லை என்றுதான் அறிக்கை போகும். அதில் யாருக்கும் வெட்கம் இல்லை. தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்வதும் பார்வையின் ஒரு பகுதி என்பதை அந்த வழக்கம் வைத்திருக்கிறது.

எதிர்ப்பக்கத்தில் ப்ரீத்தி நாயரை வைக்கத் தோன்றுகிறது. அவரும் ரோபர்டோ ஏப்ரஹாமும் 2010இல் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். ஸ்லோன் படங்களிலிருந்து 14,034 கேலக்ஸிகள். பட்டை உண்டா, எவ்வளவு வலு, வளையம் உண்டா என்று கண்ணால் பார்த்து வகைப்பிரித்தவை. பார்த்த கண்கள் ஒருவருடையவை, நாயருடையவை. எனக்கு முப்பது படத்தில் கை தானாகப் போய்விட்டது. பதினாலாயிரமாவது படத்தில் அவர் எப்படி உட்கார்ந்திருந்தார் என்று யோசித்துப் பார்க்கிறேன். அவருக்கு எந்தக் கேலக்ஸியும் நன்றி சொல்லியிருக்காது. ஆனால் அந்தப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு வேறு யாரோ ஒரு கேள்வி கேட்க முடிகிறது. நண்பனின் 'யாருக்குக் கடமை' என்பதற்கு என்னிடம் இருக்கும் ஓரளவு உருப்படியான பதில் இதுதான்: அந்த யாரோ ஒருவருக்கு. இன்னும் பிறக்காத கேள்வியைக் கேட்கப்போகிறவருக்கு. அவர் முகம் எனக்குத் தெரியாது, என் பெயர் அவருக்குத் தெரியாது. நடுவில் ஒரு பதிவு மட்டும் இருக்கும். அந்தப் பதிவில் நான் என்ன எழுதினேனோ அதுதான் அவருக்கு வானம்.

பாட்டியின் விஷயத்தில் இந்தப் பதில் போதாது. அங்கே கடன் பாட்டிக்கே. ஐரிஸ் மர்டாக் 1970இல் வந்த ஒரு நூலில் ஒரு மாமியாரைக் கற்பனை செய்கிறார். மருமகள் நாகரிகமில்லாதவள் என்று நினைத்துக்கொண்டிருந்த மாமியார், வெளியே எதையும் காட்டிக்கொள்ளாமல், உள்ளுக்குள் அவளை மறுபடி மறுபடி நியாயமாகப் பார்த்துத் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்கிறாள். மருமகள் வெளிநாடு போய்விட்டாள் அல்லது இறந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார் மர்டாக். பார்ப்பதால் இனி அவளுக்கு எந்தப் பயனும் இல்லை என்றாலும் மாமியார் செய்தது ஓர் அறச்செயல்தான் என்று நிறுவுவதற்காக அப்படி வைக்கிறார். இதை வாசித்தபோது நிம்மதியாக இருந்தது. பிறகு அந்த நிம்மதியின்மேலேயே சந்தேகம் வந்தது. செத்தவர்களைச் சரியாகப் பார்ப்பது சுலபம். பின்னால் வரிசை நிற்காது.

அதனால் மர்டாக்கை முழுசாக ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை, விடவும் முடியவில்லை. உள்ளே பார்த்தது வெளியே ஒரு வரியாவது ஆக வேண்டும் என்று தோன்றுகிறது. மாமியார் யாரிடமாவது, என் மருமகளைப் பற்றி நான் நினைத்தது தப்பு என்று சொல்லியிருக்க வேண்டும்.

அன்றிரவு அந்தக் கேலக்ஸியின் பழைய ஸ்லோன் படத்தையும் தேடி எடுத்தேன். அதில் அது வெறும் உருண்டை. எவ்வளவு கண்ணைக் கசக்கினாலும் பட்டை இல்லை. முன்பு பார்த்தவர்கள் வழவழப்பு என்று போட்டிருந்தால் அவர்கள்மேல் தவறு இல்லை. புதுப்படத்தில்கூட எனக்கு உறுதி கிடையாது. நான் பார்க்க ஆசைப்பட்டதால்கூட அது தெரிந்திருக்கலாம். 'அமைப்பு தெரிகிறது' என்று அழுத்தினேன். பக்கவாட்டில் தெரிகிறதா என்று கேட்டது. இல்லை என்றேன். அப்புறம் பட்டைக் கேள்வி வந்தது. வலுவற்ற பட்டை. அடுத்த படம் வந்துவிட்டது, ஒரு பெரிய நீலச் சுருள், யார் பார்த்தாலும் சொல்லிவிடக்கூடியது.

பாட்டி கவுண்டரில் சொன்னதை மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா, அது எனக்கு ஞாபகம் இருக்கும் அளவுக்குத்தான். வார்த்தைகள் அப்படியே இருந்தன என்று சத்தியம் செய்ய மாட்டேன். மருத்துவச்சியின் பெயரையும் பாட்டி சொன்னார். அது நினைவில் இல்லை. அப்பாவிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. செங்கில் சன்னாசிமலைக் கோயில் பக்கம் ஒரு பெரியம்மா இருக்கிறார், அவருக்குத் தெரிந்திருக்கலாம் என்றார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, காதும் சரியாகக் கேட்காது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓப். காலையிலேயே போய்விட வேண்டும்.